கைவேலைப் பொருட்களை ஊர் கூடிச் சோதிக்கும் முறை

வீட்டில் செய்த சோப்பையோ மெழுகுவர்த்தியையோ துணிப்பையையோ பக்கத்து வீட்டில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "ரொம்ப நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். முகத்துக்கு நேராக வேறு என்ன சொல்வார்கள்? அதை நம்பி நூறு செய்து அடுக்கிய பிறகுதான், அது மரியாதைக்குச் சொன்ன சொல் என்று புரியும். அதே மனிதர்களிடம் கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று துண்டில் எது வேறு என்று பிரிக்கச் சொல்லுங்கள். மெழுகுவர்த்தி எரிந்த நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். சோப்பு தேய்ந்து மீந்த துண்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தொழிலை நம்பி நடத்தப் போதுமான தகவல் அப்படித்தான் வந்து சேரும். சோப்பு, மெழுகு, தையல், சாயம் ஆகிய நான்கு வேலைகளிலும் பலர் சேர்ந்து இப்படிச் சோதித்துப் பார்த்ததில் பலன் தந்த முறைகளையும், கெட்டுப்போகும் இடங்களையும் இங்கே சொல்கிறோம்.

முதலில் உங்கள் கை ஒரே மாதிரி செய்கிறதா?

அடுத்தவரிடம் கொடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். ஒரே செய்முறையை இரண்டு முறை செய்தால் இரண்டும் ஒன்றுபோல் வருகிறதா? வரவில்லை என்றால் எந்தச் சோதனையும் வீண். புது எண்ணெயால் நுரை கூடியதா, அன்று தற்செயலாக நன்றாக வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது.

பெரும்பாலும் குற்றவாளி அளவுதான். கரண்டிக் கணக்கும் டம்ளர் கணக்கும் வேண்டாம். திரவமாக இருந்தாலும் எல்லாவற்றையும் எடை போடுங்கள். சோப்பை வைத்தே இதன் அவசியத்தைக் காட்டலாம். 300 கிராம் தேங்காய் எண்ணெய், 600 கிராம் ஆலிவ் எண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்கச் சுமார் 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 148.7 கிராம். சோப்பில் கொஞ்சம் எண்ணெய் மீந்திருந்தால்தான் தோலைக் கடிக்காது என்பதால் இதில் 5 சதவீதம் குறைத்து 141 கிராம் போடுகிறோம். இப்போது தராசு 5 கிராம் தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 146 கிராம் விழுந்தால் மீதி எண்ணெய் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். 136 விழுந்தால் எட்டரை சதவீதமாகும். முதல் பேட்ச் (ஒரே தடவையில் செய்த தொகுதி) தோலை வறட்டும், இரண்டாவது மென்மையாக இருந்து சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். வாங்கியவர்கள் இருவிதமாகப் பேசுவார்கள், செய்தவருக்குக் காரணமே பிடிபடாது. ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் தராசு சோப்புக்குப் போதும். வாசனை எண்ணெய், நிறமிகள் போன்றவற்றைச் சின்ன அளவில் போடுவதற்கு 0.1 கிராம் காட்டும் தராசு தனியாக வேண்டும்.

குழுவில் ஐந்து பேரிடம் ஐந்து தராசு இருந்தால், எடை தெரிந்த ஒரே பொருளை ஐந்திலும் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே எண்ணைக் காட்டினால் அதிர்ஷ்டம். காட்டாவிட்டால் ஒன்றை ஆதாரமாக வைத்து, மற்றவற்றின் வித்தியாசத்தை அந்தந்தத் தராசின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது பேட்ச் எண். தேதியை அப்படியே எண்ணாக்கினால் போதும். நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே எழுத வேண்டியவை: ஒவ்வொரு பொருளின் எடை, எந்த மூட்டையிலிருந்து அல்லது கேனிலிருந்து எடுத்தது, சூடு, கலக்கிய நேரம், அறையின் ஈரப்பதம் எப்படி, யார் செய்தார், எத்தனை வந்தது, எத்தனை கழிந்தது. கடைசி வரியில் வழக்கத்துக்கு மாறாக நடந்தது எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். நடுவில் மின்சாரம் போனது, மோல்டு (ஊற்றும் அச்சு) மாற்றியது எல்லாம் அந்த வரியில் வரும். மூன்று மாதம் கழித்து ஒரு குறை வந்தால், காரணம் பெரும்பாலும் அந்த வரியில்தான் ஒளிந்திருக்கும். இதே எண் விற்கும் பொருளின் ஸ்டிக்கரிலும் இருக்க வேண்டும். எண் இல்லாத பொருளைப் பற்றி வரும் புகாரால் ஒரு பயனும் இல்லை.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

எண்ணெயையும் மாற்றி, மோல்டையும் மாற்றி, வாசனையையும் மாற்றிவிட்டு "புதுசு நல்லாருக்கா?" என்று கேட்பது எல்லாத் தொழிலிலும் நடக்கிறது. நன்றாக இருந்தாலும் எதனால் என்று தெரியாது, கெட்டாலும் தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய செய்முறையிலும் ஒரு பங்கை அதே நாளில், அதே மூலப்பொருளிலிருந்து, அதே கையால் செய்யுங்கள். போன மாதம் செய்த பழையதோடு இன்று செய்த புதியதை ஒப்பிட்டால் அது செய்முறைகளின் ஒப்பீடாக இருக்காது, வயதின் ஒப்பீடாகிவிடும். சோப்பில் இது இன்னும் முக்கியம். வேகவைக்காமல் செய்யும் குளிர்முறைச் சோப்பை 4 முதல் 6 வாரம் காயவைக்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் அதன் கடினமும் நுரையும் மாறிக்கொண்டே இருக்கும். சோயா மெழுகும் அப்படித்தான், ஊற்றி ஒன்று இரண்டு வாரம் ஆன பிறகே வாசனை முழுதாக வெளிவரும்.

வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறதா?

செலவு குறைந்த மூலப்பொருளுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு மிகப் பொருத்தமான சோதனை ஒன்று உண்டு. மூன்று துண்டு கொடுப்பார்கள். இரண்டு ஒரே பொருள், ஒன்று வேறு. வேறாக இருப்பதை எடுத்துக் காட்ட வேண்டும். எது பிடித்தது, எது உயர்ந்தது என்றெல்லாம் கேட்பதில்லை. அதனால் மரியாதைக்கு இங்கே வேலையில்லை.

கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே 12 பேரில் 4 பேர் சரியாகச் சொன்னால் அது வெறும் தற்செயல். 12 பேரில் 8 பேர், 18 பேரில் 10 பேர், 24 பேரில் 13 பேர், அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஊகத்தால் மட்டும் அந்த எண்ணிக்கை வருவதற்கு 20ல் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. மக்களின் நாக்கையும் மூக்கையும் கணக்கோடு சேர்த்துச் சோதிப்பது புதிய விஷயம் இல்லை. பால் முதலில் ஊற்றியதா தேநீர் முதலில் ஊற்றியதா என்று ருசித்துச் சொல்ல முடியும் என்ற ஒரு பெண்மணியின் பேச்சை வைத்து, புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1935ல் எட்டுக் கோப்பைச் சோதனை ஒன்றை விளக்கினார். நான்கு அப்படி, நான்கு இப்படி. அந்த நான்கையும் ஊகத்தால் சரியாகப் பிரிக்க 70ல் ஒரு வாய்ப்புத்தான். சின்ன எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கும் கணக்கை 1908ல் வெளியிட்ட வில்லியம் கோசெட்டும் ஒரு மதுபான ஆலையில் வேலை பார்த்தவர்தான். ஆயிரம் பேரைக் கேட்க வசதியில்லை என்று தயங்குகிறவர்களுக்கு இது தெம்பு தர வேண்டும். பன்னிரண்டு பேரை ஒழுங்காகக் கேட்டாலே பயனுள்ள விடை உண்டு.

ஒழுங்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துண்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் போடாதீர்கள். 1 என்ற எண் உள்ளதை எல்லோரும் உயர்ந்ததாக எண்ணிக்கொள்வார்கள். 417, 862, 295 என்பதுபோல் ஒழுங்கில்லாத மூன்றிலக்க எண்ணாக இருக்கட்டும். பழையது, பழையது, புதியது என்று ஒரே வரிசையில் எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. பழையது இரண்டு இருப்பதும் புதியது இரண்டு இருப்பதும் சேர்த்து மொத்தம் ஆறு வரிசைகள் சாத்தியம்; ஆறையும் சமமாகப் பங்கிட வேண்டும். எந்த எண் எந்தப் பொருள் என்ற தாளை ஒருவர் வைத்துக்கொள்ள, கொடுப்பவர் வேறொருவராக இருக்கட்டும். கொடுப்பவருக்கு விடை தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் கண்ணால்தான். நுரையைச் சோதிக்கிறோம் என்று நினைத்திருப்போம். ஒரு துண்டு லேசாக மஞ்சளாக இருந்திருக்கும், எல்லோரும் நிறத்தைப் பார்த்துப் பிரித்திருப்பார்கள். நிறம் கேள்வி இல்லையென்றால் மங்கலான வெளிச்சத்தில் நடத்துங்கள், அல்லது வேறொருவர் கையில் தேய்த்துவிட, சோதிப்பவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். வெட்டிய விளிம்பு, ஓரத்தில் தெரியும் அச்சுத் தடம், துண்டின் எடை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். வாசனைச் சோதனையில் மூன்று நான்கு முறை முகர்ந்ததும் மூக்கு மரத்துப்போகும். ஒருவருக்கு ஒரு தடவை மூன்று துண்டு போதும். அடுத்த சுற்றுக்கு முன் சில நிமிடம் வெளிக்காற்றில் இருக்கட்டும். ஒரே அறையில் உட்கார்ந்து "எனக்கு நடுவுல இருக்குறதுதான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மீதிப் பேரின் விடை அவருடைய விடைதான்.

வித்தியாசம் தெரியவில்லை என்று வந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபணமாகிவிட்டதாக எண்ண வேண்டாம். பன்னிரண்டு பேருக்குப் பிடிபடாத சின்ன வித்தியாசம் தினமும் பயன்படுத்துகிறவருக்குப் பிடிபடலாம். வித்தியாசம் தெரிகிறது என்று உறுதியான பிறகுதான் எது பிடிக்கிறது என்று கேட்பதில் அர்த்தம் உண்டு. அப்போது இரண்டு துண்டு மட்டும் கொடுங்கள். 20 பேரில் 11 பேர் ஒன்றை விரும்புவது ஒன்றுமே இல்லை. 15 பேர் ஒரு பக்கம் நின்றால் நம்பலாம். 30 பேர் என்றால் 21 வேண்டும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சோதனை

ஐந்து நிமிடத்தில் தெரிவது வேறு, மூன்று வாரப் பயன்பாட்டில் தெரிவது வேறு. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, ஒரு வீட்டுக்குப் பழைய சோப்பையும் இன்னொரு வீட்டுக்குப் புதிய சோப்பையும் கொடுத்து எது நாள்பட உழைத்தது என்று பார்ப்பது. ஒரு வீட்டில் இரண்டு பேர், இன்னொன்றில் ஆறு பேர். ஒரு வீட்டில் சோப்பு தண்ணீரிலேயே கிடக்கும். வீட்டுக்கு வீடு உள்ள இந்த வேறுபாடு, சோப்புக்குச் சோப்பு உள்ள வேறுபாட்டை விழுங்கிவிடும். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டையும் கொடுங்கள். பாதி வீடுகள் பழையதில் தொடங்கட்டும், பாதி புதியதில். ஒவ்வொன்றும் பத்து நாள். கொடுக்கும் முன் எடை, திருப்பி வாங்கி இரண்டு நாள் காற்றில் காயவைத்த பின் எடை. ஈரத்தோடு எடை போட்டால் தண்ணீரைத்தான் அளக்கிறோம். கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எது அதிகம் கரைந்தது என்று மட்டும் பாருங்கள். பத்து வீட்டில் ஒன்பது வீடு ஒரே பக்கம் காட்டினால் கணக்குக்கூடப் போடத் தேவையில்லை.

திரும்பி வரும் துண்டு நிறையப் பேசும். அடிப்பக்கம் கொழகொழவென்று இருந்தால், சோப்பு போதிய நாள் காயவில்லை, அல்லது ஆலிவ் எண்ணெய் மிகுதி, அல்லது சோப்புத்தட்டில் தண்ணீர் வடிய வழியில்லை. தட்டுதான் காரணமென்றால் செய்முறையைத் தொட வேண்டாம், ஒரு வரி குறிப்பை உறையில் அச்சடித்தால் போதும். ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிந்தால் எண்ணெய் காற ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பழைய எண்ணெய், அளவுக்கு மீறிய மீதி எண்ணெய், உலோகத் தட்டில் வைத்துக் காயவைத்தது, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

மெழுகுவர்த்திக்கு ஒரு தாள் கொடுத்தனுப்ப வேண்டும். ஏற்றிய நேரம், அணைத்த நேரம், உருகிய மெழுகு கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டதா, புகை வந்ததா, திரி நுனியில் காளான் போல் கரி கட்டியதா. பாத்திரத்தின் குறுக்களவில் 2.5 சென்டிமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 7.5 சென்டிமீட்டர் பாத்திரத்தில் மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு ஓரத்தைத் தொட வேண்டும். தொடாமல் நடுவில் குழி விழுந்தால் திரி சிறிது. ஒரு மணி நேரத்திலேயே தொட்டு, புகையும் கரியும் வந்து, கண்ணாடி பிடிக்க முடியாமல் சுட்டால் திரி பெரிது. திரியை மாற்றும்போது ஒரு அளவு மட்டும் ஏற்றி இறக்குங்கள். வாசனை எண்ணெயை மெழுகு எடையில் 6 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் போனால் மேற்பரப்பில் எண்ணெய் வியர்க்கும், திரி அடைத்துக்கொண்டு தானே அணையும். வாசனை போதவில்லை என்ற புகார் வந்ததும் பலர் இன்னும் எண்ணெய் ஊற்றுகிறார்கள். பல நேரம் உண்மைக் காரணம் சின்னத் திரி, உருகிய மெழுகு விரியாததால் வாசனை எழும்பவில்லை.

இந்தச் சோதனையில் நெருப்பு இருப்பதால் சில விதிகளைக் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்னும் திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது. ஆள் இல்லாத அறையில் கூடாது. கடைசி ஒரு சென்டிமீட்டர் மெழுகை எரிக்காமல் திருப்பித் தர வேண்டும். மின்விசிறிக் காற்றில் எரிந்ததையும் காற்றில்லாமல் எரிந்ததையும் ஒப்பிடாதீர்கள். தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கட்டும்.

துணிப்பைக்கு வீட்டுச் சோதனையோடு ஒரு தொங்கவிடும் சோதனையும் வேண்டும். ஐந்து கிலோ தாங்கும் என்று சொல்லப்போகிறீர்கள் என்றால், பத்துக் கிலோவை ஒரு நாள் முழுதும் தொங்கவிடுங்கள். பிறகு ஐந்து கிலோவை வைத்து வெடுக்கென்று நூறு தடவை தூக்கி இறக்குங்கள். கைப்பிடிகள் அறுவது பெரும்பாலும் சும்மா தொங்கும்போது இல்லை, வெடுக்கென்று தூக்கும்போதுதான். எங்கே போனது என்று பார்ப்பதே பாடம். நூல் அறுந்து துணி நன்றாக இருந்தால் நூல் பலவீனம். ஊசித் துளைகள் வழியே துணி கிழிந்திருந்தால் தையல் மிக நெருக்கம் அல்லது ஊசி தடிமன். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோய், உள்பக்கம் ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைக்க வேண்டும். கைப்பிடி முழுதாக உருவிக்கொண்டு வந்தால் அது உள்ளே போன நீளம் போதவில்லை. நான்கு சென்டிமீட்டராவது உள்ளே விட்டு, சதுரமும் குறுக்கே பெருக்கல் குறியும் போட்டுத் தைத்தால் நிற்கும். கிழிந்த பைகளைத் தூக்கிப்போடாமல் பேட்ச் எண்ணோடு சுவரில் மாட்டி வையுங்கள். புதிதாகத் தைக்க வருகிறவருக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடையாது.

சாயம்: பல வீடுகள் இருந்தால்தான் விளங்கும் விஷயம்

இயற்கைச் சாயம் போடுகிறவர்கள் ஒரே செய்முறையை வைத்துக்கொண்டு வேறு வேறு நிறம் எடுப்பார்கள். காரணம் பெரும்பாலும் தண்ணீர். உப்புத்தண்ணீர், கடினத்தண்ணீர், இரும்புச் சத்துள்ள தண்ணீர் எல்லாமே நிறத்தைத் திருப்பிவிடும். இரும்பு மிகக் குறைவாக இருந்தாலே மஞ்சள் மங்கிச் சாம்பல் பக்கம் போகும். தனியாக ஒருவர் எத்தனை தடவை செய்தாலும் இது புலப்படாது, அவர் வீட்டுத் தண்ணீர் ஒன்றுதானே. ஐந்து வீடுகள் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டிய துணியை, ஒரே பொட்டலத்துச் சாயத்தில், ஒரே எடைக் கணக்கில், தங்கள் தங்கள் தண்ணீரில் போட்டு ஐந்து துண்டையும் அருகருகே வைத்தால் ஒரே பார்வையில் விளங்கிவிடும். சேர்ந்து செய்யும் ஆய்வின் உண்மையான பலம் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது.

கணக்கு எப்போதும் காய்ந்த துணியின் எடையை வைத்து. 200 கிராம் துணிக்கு 15 சதவீதம் படிகாரம் என்றால் 30 கிராம். பருத்தியை முதலில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துப் பசையும் மெழுகும் போக அலச வேண்டும். போதுமா என்று தெரிய ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். பருத்தி படிகாரத்தை எளிதில் ஏற்காது, அதனால் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளில் முதலில் முக்கி எடுப்பார்கள்.

சலவையில் சாயம் போகிறதா என்று பார்க்க, சாயத்துணியில் ஒரு சின்னத் துண்டை அதே அளவு வெள்ளைப் பருத்தியோடு சேர்த்துத் தைத்து, 40 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் சோப்புத்தூளில் அலசிக் காயவையுங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: சாயத்துணி எவ்வளவு வெளுத்தது, வெள்ளைத்துணி எவ்வளவு கறைபட்டது. இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடலாம், 5 என்றால் மாற்றமே இல்லை. ஆய்வுக்கூடங்களிலும் இதே ஐந்து படிதான். மூன்று பேர் தனித்தனியே மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். வெயிலுக்கு, துணியின் பாதியைத் தடித்த அட்டையால் மூடி வெளிச்சம் படும் சன்னலில் மூன்று வாரம் வையுங்கள். மஞ்சள் கிழங்கில் எடுத்த சாயம் இந்தச் சோதனையில் தோற்கும். அது வெளிச்சத்தில் நிற்காது, சோப்புக் காரம் பட்டால் சிவக்கவும் செய்யும். நீலம் தரும் அவுரியும் சிவப்புத் தரும் மஞ்சிட்டியும் நன்றாக நிற்கும். தோற்ற நிறத்தை விற்கவே கூடாது என்று இல்லை, நிழலில் காயவைக்கச் சொல்லும் அட்டையோடு விற்கலாம். ஆனால் சொல்லாமல் விற்பது ஏமாற்று.

அக்கம்பக்கத்தார் மேல் சோதிக்கக் கூடாதவை

இதைப் பலர் மனதில் வைப்பதில்லை. மக்களிடம் சோதிக்க வேண்டியது வசதியும் விருப்பமும் உழைப்பும்தான். பாதுகாப்பை அப்படிச் சோதிக்கக் கூடாது. தண்ணீர் கலந்த கிரீமில் கிருமி வளர்கிறதா என்பதைக் கண்ணாலோ மூக்காலோ சொல்ல முடியாது. கெட்ட வாடை வருவதற்கு முன்பே கிருமி பெருகியிருக்கும். அதற்கு ஆய்வுக்கூடத்தில் கிருமியை வேண்டுமென்றே விட்டு 28 நாள் கவனிக்கும் சோதனை இருக்கிறது. அந்த வசதி கிடைக்காதவர்கள் தண்ணீரே இல்லாத தைலம், களிம்பு வகைகளோடு நிற்பது நல்லது. காற்றுப்புகாமல் அடைக்கும் உணவுப் பொருளும் இதே வகை. பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.6க்கு மேல் இருந்து, சரியான வெப்பமும் படவில்லை என்றால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு உருவாகும் ஆபத்து உண்டு. பத்து வீட்டில் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது அதற்குச் சான்று ஆகாது. சோப்பைக் கொடுக்கும்போதும் வாசனை எண்ணெய் உட்பட முழுப் பொருள் பட்டியலைக் கொடுங்கள். முழங்கையின் உள்பக்கம் சின்ன இடத்தில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே குளிக்கச் சொல்லுங்கள். குழந்தைகளைச் சோதனையில் சேர்க்க வேண்டாம்.

எதைக் கேட்பது?

கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால், நடந்து முடிந்ததைக் கேளுங்கள். "இதை வாங்குவீங்களா?" என்றால் எல்லோரும் வாங்குவோம் என்பார்கள். "கடைசியா எப்போ இந்த மாதிரி வாங்கினீங்க? அது இப்போ எங்க இருக்கு? எடுத்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டால் பை எங்கோ மூலையில் மடித்துக் கிடப்பது தெரியும். ஏன் அங்கே கிடக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். ஜிப் சிக்கியிருக்கலாம், துவைத்தபின் சுருங்கியிருக்கலாம், தோளில் மாட்டினால் கைப்பிடி வழுக்கியிருக்கலாம். இன்னொரு நல்ல கேள்வி: "இதைப் பிடிக்கலைன்னு சொல்ற ஒருத்தர் என்ன காரணம் சொல்வாங்க?" தன் வாயால் குறை சொல்லக் கூச்சப்படுகிறவர் மற்றவர் பெயரில் தாராளமாகச் சொல்வார்.

திரும்ப வாங்க வருகிறவர்களை மட்டும் கேட்பது இன்னொரு பொறி. அவர்கள் எப்படியும் திருப்தியானவர்கள். ஒரே தடவை வாங்கி மறுபடி வராதவர்களில் ஐந்து பேரைத் தேடிப் பிடிப்பது, வழக்கமாக வரும் ஐம்பது பேரைக் கேட்பதைவிட அதிகம் கற்றுத்தரும். அவர்களிடம் தயாரித்தவரே போகாமல், குழுவில் வேறு பொருள் செய்யும் ஒருவர் போகட்டும். சோப்புக்காரருக்காகத் தையல்காரர் கேட்பார், தையல்காரருக்காக மெழுகுக்காரர் கேட்பார். சொன்னதைச் சுருக்காமல் அவர்கள் வாயில் வந்த சொல்லிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும்.

நேரமும் கழிவும்

பொருள் நன்றாக இருந்தும் தொழில் நிலைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணாமல் விட்ட நேரம். இருபது பை தைக்கப் பத்து மணி நேரம் ஆகிறது, ஆக ஒரு பைக்கு அரை மணி என்று கணக்குப் போடுவார்கள். வெட்டிய துண்டு பெருக்குவது, பேக்கிங், பதில் சொல்வது எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டரை மணி. இருபதில் மூன்று தேறவில்லை. பன்னிரண்டரை மணி நேரத்தைப் பதினேழால் வகுத்தால் ஒரு பைக்கு 44 நிமிடம். விலை அரை மணிக் கூலியை வைத்துப் போட்டதாக இருந்தால், ஒவ்வொரு பையிலும் 14 நிமிடத்து உழைப்பு கூலியில்லாமல் போகிறது. ஒரு பேட்சையாவது இன்னொருவர் உட்கார்ந்து கடிகாரம் பார்த்துக் குறித்துக் கொடுக்கட்டும். தானே குறித்தால் கைபேசி பார்த்த நேரமும் துணி தேடிய நேரமும் எழுத்தில் வராது. தேடுவதில்தான் நேரம் போகிறது என்று தெரிந்தால் மெஷின் வாங்க வேண்டாம், ஒரு அலமாரி போதும்.

குழுவை நடத்துவது

எட்டு முதல் பன்னிரண்டு தயாரிப்பாளர்கள் இருந்தால் வேலை நடக்கும். எல்லோரும் ஒரே பொருள் செய்கிறவர்களாக இருந்தால் போட்டி வந்து வாய் மூடிக்கொள்ளும். வேறு வேறு பொருளாக இருந்தால் தாராளமாகப் பேசுவார்கள். ஒரே பொருள் செய்யும் குழுவிலும் வழி இருக்கிறது. செய்முறையை யாரும் வெளியிட வேண்டாம், சோதனை முடிவுகளையும் தோல்விகளையும் மட்டும் பொது நோட்டில் எழுதலாம். "இந்தத் திரி இந்த அளவுப் பாத்திரத்தில் அணைந்தது" என்பதில் ரகசியம் எதுவும் போய்விடாது, ஆனால் மற்றவர்களுக்கு ஒரு வாரம் மிச்சம். தராசு, வெப்பமானி, பிஎச் தாள், தொங்கவிடும் கொக்கி எல்லாம் குழுவுக்குப் பொதுவாக ஒரே இடத்தில் இருக்கட்டும்.

ஒரு சோதனையைத் தொடங்கும் முன்பே எந்த முடிவு வந்தால் என்ன செய்வோம் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். "18 பேரில் 10 பேரோ அதற்கு மேலோ சரியாகப் பிரித்தால் பழைய எண்ணெயிலேயே தொடர்வோம்; குறைந்தால் புது எண்ணெயில் ஒரு பேட்ச் செய்து ஆறு மாதம் வைத்துப் பார்ப்போம்." முடிவைப் பார்த்த பிறகு விதியைத் தேடினால், மனம் விரும்பியதற்கே விதி கிடைக்கும். மாதத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரே வீடுகளுக்குத் தாள் மேல் தாள் அனுப்பினால் மூன்றாவது தாளில் எல்லாக் கட்டத்திலும் ஒரே குறிதான் வரும்.

சோதித்துத் தந்தவர்களுக்குப் பொருளை இலவசமாகக் கொடுத்ததோடு கடமை முடிந்ததாக எண்ண வேண்டாம். ஒரு வாரத்துக்குள் அவர்கள் வீட்டுக்கு முடிவு போய்ச் சேர வேண்டும்: எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், என்ன தெரிந்தது, அதனால் எதை மாற்றுகிறோம், எதை மாற்றவில்லை, ஏன். கால் பக்கத் தாள் போதும். அது போகும் வீடுகளில் அடுத்த தடவை கட்டங்கள் கவனமாக நிரப்பப்பட்டிருக்கும். போகாத வீடுகளிலிருந்து மீந்த சோப்புத் துண்டுகூடத் திரும்பி வராது.